எதிர்ப்பில்லாத மனு

குடும்ப இணக்க மன்றத்துக்கு இரண்டு வாசல். இடது வாசலில் மனுதாரர் நுழைய வேண்டும். வலது வாசலில் எதிர்மனுதாரர் நுழைய வேண்டும். நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். அந்தச் சுவரில் ‘இணைப்பதே எம் பணி’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, எவரும் அதன்மேல் சாய்ந்துவிடாதபடி முள்கம்பியும் அடித்து வைத்திருந்தார்கள்.

இப்பேர்ப்பட்ட இடத்துக்கு ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். ஓட்டி வந்தவன் பேக்கரி மாஸ்டர். பின்னால் இருந்தவள் கண்ணாடிக் கடையில் பிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள். முன்பு அவன் மனைவி, சட்டப்படி இப்போது இல்லை. நடுவில் நசுங்கிக்கொண்டு வந்தது இருவரும் பெற்ற பெண், ஏழு வயது. வாண்டு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும்.

காவலாளி பதறிப்போனான்.

“என்ன சார், ரெண்டு பேரும் ஒரே வண்டியில வரீங்க?”

“ஒரே வழிதானேப்பா.”

“உள்ள இருக்கிறவங்க பாத்தா என்ன நெனப்பாங்க? தெருமுனையில அம்மாவ எறக்கி விட்டுட்டு வாங்க. அவங்க தனியா நடந்து வரட்டும். கொஞ்சம் கோவமா நடந்து வந்தாங்கன்னா உங்களுக்குத்தான் நல்லது.”

அவள் தெருமுனைக்குப் போய்த் தனியாக நடந்து வந்தாள். கோபமாக நடப்பது எப்படி என்று தெரியாததால் சிரித்துக்கொண்டே வந்தாள். வாண்டு எந்த வாசலில் நுழைவது என்று மாஸ்டர் கேட்டான். குழந்தைக்கு மன்றத்தில் ‘மனுப்பொருள்’ என்று பெயராம், மனுப்பொருளுக்குத் தபால் மூட்டை போகும் பக்கவழி இருக்கிறதாம். மூட்டைகளோடு மூட்டையாக அதுவும் உள்ளே போனது.

வந்த காரியம் இவ்வளவுதான். பிரிந்தபோது மன்றம் ஓர் உத்தரவு போட்டிருந்தது: ஒரு வாரம் அப்பா வீடு, ஒரு வாரம் அம்மா வீடு. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பேக்கரியில் அடுப்பு பார்த்த ஆள் நின்றுவிட, முதலாளி மாஸ்டரை விடியலுக்கு முந்தைய வேலைக்கு மாற்றிவிட்டார். அப்பா வாரம் வந்தால் வாண்டைத் தூக்கத்தில் எழுப்பி, வண்டியில் வைத்து, பேக்கரிக்குக் கொண்டுபோய் மாவு மூட்டைமேல் படுக்க வைக்க வேண்டியிருந்தது. அது தலையெல்லாம் மாவோடு பள்ளிக்கூடம் போய், முதல் பாடத்திலேயே தூங்கி விழுந்தது. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் சூடான தட்டில் முழங்கை பட்டுத் தோல் வழன்றுவிட்டது.

அன்றைக்கே மாஸ்டர் அவள் வீட்டுக்குப் போனான். அவள் டீ போட்டுக் கொடுத்தாள்.

“இனிமே ராத்திரி இங்கயே படுத்துக்கட்டும். ஸ்கூல் விட்டதும் நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் கடையடைச்சிட்டு வந்து கூட்டிக்கிறேன். எல்லா வாரமும் அப்படியே இருக்கட்டும்.”

“சரி” என்றான் மாஸ்டர். டீ ஆறுவதற்குள் விஷயம் முடிந்துவிட்டது. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. உத்தரவில் யார் வாரமோ அவரிடம்தான் பிள்ளையை விடுவோம், மாற்ற வேண்டுமானால் மன்றத்தில் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்த ஸ்கூட்டர் பயணம்.

மனு வாங்கும் எழுத்தர் காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டினார். தூக்கி வெளிச்சத்தில்கூடப் பார்த்தார்.

“எதிர்ப்பு எங்க?”

“எதிர்ப்பு ஒண்ணுமில்லீங்க. அவளுக்கும் சம்மதம், எனக்கும் சம்மதம்.”

“சம்மதம்னா இங்க எதுக்கு வந்தீங்க?”

“அதை ஒரு உத்தரவா வாங்கிட்டுப் போகத்தான்.”

எழுத்தர் பேனாவை மூடி வைத்தார். “சார், இது இணக்க மன்றம். இணங்காதவங்களை இணங்க வைக்கிற எடம். நீங்க வீட்லயே இணங்கிட்டு வந்து நின்னா நாங்க என்னத்தைப் பண்றது? வீட்லயே மொட்டையடிச்சிட்டு வந்து சலூன் நாற்காலியில உக்காந்தா அவன் எதைய்யா வெட்டுவான்?”

“அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?”

“கொஞ்சமாவது சண்ட போட்டுட்டு வாங்க. புகார் இல்லாம மனு ஏத்துக்க மாட்டோம்.”

இருவரும் வராந்தாவில் உட்கார்ந்து புகார் யோசித்தார்கள். சேர்ந்திருந்த காலத்தில் அவள் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள் என்று அவன் எழுதினான். அவர் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவார் என்று அவள் எழுதினாள். எழுதும்போதே இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எழுத்தர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இது கல்யாணமான எல்லார் வீட்டிலும் உள்ள சங்கதி, இதற்கெல்லாம் மன்றம் கூடினால் நாங்கள் வீட்டுக்குப் போக முடியாது என்று சொல்லி, ஆலோசகர் அம்மையாரிடம் அனுப்பி வைத்தார்.

ஆலோசகர் அறைக்குள் இன்னொரு சம்பிரதாயம் காத்திருந்தது. தரப்புகள் இரண்டும் நேருக்கு நேர் பேசக் கூடாது. நடுவில் இடையாள் என்று ஓர் உத்தியோகஸ்தர் நிற்பார், அவர் வழியாகத்தான் பேச வேண்டும். இவர்களுக்கு வாய்த்தவர் ஒல்லியாக, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றார்.

வாண்டு இருமியது. “இருமல் மருந்து குடுத்தீங்களா?” என்றாள் அம்மா.

“எதிர்மனுதாரர் மருந்து பற்றி வினவுகிறார்” என்றார் இடையாள், கையெட்டும் தூரத்தில் இருந்த மாஸ்டரிடம்.

“குடுத்துட்டேனே, காலையிலயே.”

“மனுதாரர் கொடுத்துவிட்டதாகக் கூறிக்கொள்கிறார்.”

அவள் புருவம் சுருங்கியது. “கூறிக்கொள்கிறாரா? குடுத்தாரா இல்லையா?”

“மன்றத்துல அப்படித்தாம்மா சொல்லணும். குடுத்தார்னு சொல்லிட்டா நான் அவர் பக்கம் சாஞ்சதா ஆயிடும்.”

அவள் வாண்டின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அதை மாஸ்டர் பார்த்தான். அவனுக்குச் சுருக்கென்றது. சந்தேகம் விதைப்பதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது என்று நான் சொன்னால் பொல்லாப்பு. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆலோசகர் அம்மையார் இருவரையும் இரக்கத்தோடு பார்த்தார்.

“உங்களுக்குள்ள இருக்கிற இந்த ஒத்துமை இருக்கே, அது எனக்குக் கவலையா இருக்கு. கோபத்த உள்ள போட்டு அமுக்கி வச்சிருக்கீங்க. அதை வெளிய எடுக்கத்தான் நான் இருக்கேன். எத்தனையோ வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். எங்கிட்ட வந்த ஒரு ஜோடிகூடச் சிரிச்சுக்கிட்டுத் திரும்பிப் போனதில்ல. அந்தப் பெருமை எனக்கு எப்பவும் உண்டு.”

பிறகு வாண்டின் பக்கம் குனிந்தார். “கண்ணு, உனக்கு அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா?”

“ரெண்டு பேரும்.”

“அப்படிச் சொல்லக் கூடாது. ஒண்ணுதான் சரியான பதில்.”

“எது?”

“அதை நீதான் சொல்லணும்.”

“உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?” என்று வாண்டு திருப்பிக் கேட்டது.

அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘மனுப்பொருள் ஒத்துழைக்க மறுக்கிறது’ என்று குறித்துக்கொண்டார். எதிர்மனுதாரருக்கு எதிர்க்கும் திறன் இல்லையென்றும், அவர் சார்பாக எதிர்க்க மன்றமே ஓர் ஆளை நியமிக்க வேண்டுமென்றும் பரிந்துரை எழுதினார். அப்படியோர் உத்தியோகம் அங்கே உண்டு. நியமன எதிர்ப்பாளர் என்று பெயர். பக்கத்தில் நின்ற பாவத்துக்கு இடையாளையே அதில் போட்டுவிட்டார்கள்.

அந்த மனிதருக்கு அதுவரை சொந்தமாக ஒரு வாக்கியம் பேசிப் பழக்கமில்லை. அடுத்தவர் பேச்சைத் திருப்பிச் சொல்லியே காலம் தள்ளியவர். வாய்ப்புக் கிடைத்ததும் அவருக்குச் சாமி வந்தது போலாகிவிட்டது. மன்றத் தலைவர் அவர்கள் முன்னிலையில் விசாரணை தொடங்கிய அன்று, மாஸ்டர் தன் மனுவில் வெள்ளந்தியாக எழுதியிருந்த ஒவ்வொன்றையும் எடுத்து அவன் மேலேயே எறிந்தார்.

“மாவு மூட்டையா ஐயா மழலைக்கு மஞ்சம்?” என்று குரல் தழுதழுத்தார். “அந்தப் பிஞ்சு முழங்கையைப் பாருங்கள்! ரொட்டியோடு சேர்த்துப் பெற்ற பிள்ளையையும் வேகவைக்கப் பார்த்த தகப்பன் இவர்!”

“அய்யய்யோ, அதனாலதானே மாத்தச் சொல்லி வந்தேன்!” என்று மாஸ்டர் எழுந்தான்.

“குற்றத்தை ஒப்புக்கொண்டமைக்கு நன்றி” என்றார் எதிர்ப்பாளர்.

யாருக்காக அவர் எதிர்த்தாரோ அந்த அம்மாவே எழுந்து, “ஐயா, நான் இதெல்லாம் சொல்லச் சொல்லல” என்றாள். அவளுக்கு ஆள் நியமித்தாகிவிட்டது, இனி அவள் வாய் திறப்பது நடைமுறைக்கு விரோதம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். இப்படியே விசாரணை தள்ளித் தள்ளிப் போனது. ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பாளரின் குரல் ஒரு படி ஏறியது. கடைசியில் கண்ணீரே விட்டார். தீர்ப்பு வரும்வரை பழைய உத்தரவை ஒரு ராத்திரிகூட மீறக் கூடாதாம், அதற்குள் இன்னும் இரண்டு அப்பா வாரம் வந்து போனது. வாண்டு மாவு மூட்டைமேல் தூங்கியது, பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டது. அதைப் பற்றி மன்றத்தில் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தீர்ப்பு நாள் வந்தது. தலைவர் அவர்கள் தொண்டையைச் செருமினார்.

“இந்த மன்றத்துக்கு ஒரே ஒரு கொள்கைதான். குழந்தைக்காக யார் வாதாடுறாங்களோ, அவங்களுக்குத்தான் குழந்தைமேல அக்கறை. மனுதாரர் வாதாடினார், சரி. எதிர்மனுதாரர் தனக்காக ஒரு வார்த்தைகூடப் பேசல. ஆனா நியமன எதிர்ப்பாளர் உசுரக் குடுத்து வாதாடினார். இந்த மேஜையில அவர் கண்ணீர் விழுந்ததை நானே பாத்தேன். ஆகவே இனிமே குழந்தை ஒரு வாரம் மனுதாரர் வீட்ல, ஒரு வாரம் நியமன எதிர்ப்பாளர் வீட்ல இருக்கும். இன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து அமல்.”

முதலில் அலறியது எதிர்ப்பாளர்தான்.

“ஐயா, நான் தனிக்கட்டை! என் ரூம்ல ஒரு கட்டில்தான் இருக்கு!”

“அதை வாதாடுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்” என்றார் தலைவர். பியூன் வாண்டின் புத்தகப் பையைக் கொண்டுவந்து அவர் தோளில் மாட்டிவிட்டான்.

மாஸ்டருக்கு ரத்தம் தலைக்கேறியது. “யோவ், நீங்க எல்லாம் மனுஷங்கதானா? பெத்தவ இங்க நிக்கிறா, பிள்ளைய எவன்கிட்டயோ தூக்கிக் குடுக்குறீங்க!”

தலைவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “மன்றத்து மேல கோபப்பட நடைமுறையில எடமில்ல. ஒருத்தர் மேல ஒருத்தர் கோபப்படுங்க, கேட்டுக்கிறோம். எதிர்மனுதாரர் இப்பவாவது தானா எதிர்த்தார்னா, இந்த நியமனம் தன்னால ரத்தாயிடும். அப்புறம் நாங்க தாராளமா இணக்கம் பண்ணி வைப்போம். ஆனா எதிர்ப்பு அசலா இருக்கணும். அதை ஆலோசகர் அம்மா பாத்துச் சொல்லுவாங்க.”

அம்மையார் மோவாயில் கைவைத்துத் தயாரானார்.

வாண்டின் அம்மா மாஸ்டரைப் பார்த்தாள். “நீங்க ரொம்ப மோசம்” என்றாள்.

“நீ மட்டும் என்னவாம்” என்றான் அவன்.

“நடிப்பு” என்று அம்மையார் தலையாட்டினார். “உள்ள இருந்து வரணும்.”

“நீங்க எப்பவும் தூங்கிக்கிட்டே இருப்பீங்க. நான் முழிச்சிருக்கும்போது நீங்க முழிச்சிருந்ததே இல்ல.”

“பரவாயில்ல, ஆனா போதாது.”

வாண்டு அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தது. “அம்மா, நான் இந்த மாமா வீட்டுக்கா போகணும்?”

அவள் முகம் மாறிப்போனது. மாஸ்டரின் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை அவன் அதுவரை பார்த்ததே இல்லை.

“இவ நடுரோட்ல நின்னா, தெரியுமா உங்களுக்கு? வேலை மாறின புதுசுல, தூங்குறாளேன்னு கதவச் சாத்திட்டுப் போனீங்களே, பக்கத்து வீட்டுக்காரங்க வந்து எழுப்பிக்குவாங்கன்னு. நீங்க போன கையோட முழிச்சிட்டா. கால்ல செருப்பில்லாம, இருட்டுல, அப்பா அப்பான்னு கத்திக்கிட்டு ரோட்ல ஓடியிருக்கா. பால் வண்டிக்காரர் பிரேக் அடிச்சு நிறுத்தித் தூக்கிட்டு வந்து விட்டிருக்கார். அந்த பிரேக் பிடிக்காம இருந்திருந்தா? எம்பொண்ணு எங்க இருந்திருப்பா?”

மாஸ்டருக்கு இது தெரியாது. அவளுக்குத் தெரிந்தும் அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் மனுஷன் இடிந்துபோய்விடுவான் என்று, இத்தனை நாளும் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா வருது” என்று அம்மையார் முணுமுணுத்தார்.

அடிபட்டவனுக்கு என்ன செய்கிறோம் என்று தெரியாது. கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசுவான். மாஸ்டரும் வீசினான்.

“நீ பேசுறியா? இவ பொறந்தப்ப, விடாம அழுதாள்னு, இத எங்கயாவது யாருக்காவது குடுத்துட்டு வாங்க, எனக்கு வேணாம்னு சொன்னவதானே நீ! என் கையில தூக்கிக் குடுத்தவதானே!”

அப்போது அவளுக்குக் காய்ச்சல். நாட்கணக்கில் தூக்கமில்லை. நின்ற இடத்தில் தலை சுற்றி விழுந்துகொண்டிருந்தாள். மறுநாளே குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இதை நாம் இரண்டு பேரும் மறந்துவிடுவோம் என்று சொன்னவனே அவன்தான். அதைத்தான் இப்போது ஊரறிய, பிள்ளை காது கேட்க, எடுத்துச் சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு பேசியதை நான் எழுதப் போவதில்லை. இருவரும் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அத்தனையும் உள்ளே இருந்து வந்தது. அம்மையார் பாட்டுக் கேட்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். எழுத்தர் வாசலில் வந்து நின்றுகொண்டார். வாண்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் போய் உட்கார்ந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

“அசல்” என்றார் அம்மையார். அறையில் கைதட்டல் எழுந்தது. எதிர்ப்பாளர் புத்தகப் பையைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

தலைவர் நெகிழ்ந்துபோயிருந்தார். “இதை முதல் நாளே செஞ்சிருந்தா எல்லாருக்கும் எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும்! வரும்போது உங்களுக்குள்ள ஒரு தகராறும் இல்ல. எங்ககிட்ட ஒப்படைச்சீங்க, இப்ப பாருங்க. இதுதான் நிர்வாகம்ங்கிறது. சரி, இனி இணக்கம் பண்ணி வைக்கிறேன்.”

இணக்கம் இப்படி ஆனது: குழந்தை ராத்திரி அம்மா வீட்டில் படுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா கூட்டிக்கொண்டு போவார். கடையடைத்ததும் அம்மா வந்து கூட்டிக்கொள்வார். எல்லா வாரமும் அப்படியே. கூடுதலாக ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தார்கள்: தரப்புகளுக்கிடையே கடும் பகை நிலவுவதால், இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளலாகாது.

வெளியே வந்ததும் மாஸ்டர் அந்த வரியை மீறினான்.

“நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.”

“நானும் சொல்லியிருக்கக் கூடாது.”

“மன்னிச்சிடு. வாய் தவறி…”

“வாய் தவறல” என்றாள் அவள். “இத்தனை வருஷமா ஞாபகம் வச்சிருந்தீங்கள்ல.” வாண்டின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். இந்தத் தடவை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கோபமாக நடந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் உத்தரவைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் வாண்டை மாஸ்டரிடம் விட்டார்கள். அது ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தது, தலையில் மாவு இல்லை. வகுப்பில் ஒரு தடவைகூடத் தூங்கி விழவில்லை என்று டீச்சர் சொன்னார். மாஸ்டர் கொண்டுவந்திருந்த சூடான பன்னை வாண்டு வாங்கிக்கொண்டது, ஆனால் தின்னவில்லை. பாதி தூரம் போனதும் நின்றது.

“அப்பா, நான் ரோட்ல ஓடினத அம்மாகிட்ட நான்தான் சொன்னேன். அதனாலதான் சண்டையா?”

“இல்லடா தங்கம். உன்னால இல்ல.”

“அம்மா என்னை யார்கிட்டக் குடுக்கச் சொன்னாங்க?”

மாஸ்டர் அப்படியே ரோட்டோரமாக மண்டியிட்டு உட்கார்ந்தான். “யார்கிட்டயும் இல்லடா. அம்மாவுக்கு அப்ப உடம்பு சரியில்ல. நேத்து அங்க அந்த ஆபீஸ்காரங்க எங்களைச் சண்ட போடச் சொன்னாங்க. போட்டாத்தான் உன்னை எங்ககிட்ட விடுவோம்னாங்க. அதனால போட்டோம். அவ்வளவுதான்.”

வாண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அவங்க சொன்னா போட்டுருவீங்களா?” என்று கேட்டது.